கீழே திருப்பிய சலுகை

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. 'டர்ன்' தெரியும், 'டவுன்' தெரியும், இரண்டும் ஜோடி சேர்ந்து வந்தால் மட்டும் யாரென்றே தெரியவில்லை என்ற புலம்பல்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் பெயர்களைப் போடவில்லை, ஊர் போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வாத்தியார் இல்லை. ஒரு தமிழ் நாளிதழில் 29 வருடம் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, முதலில் டெலிபிரிண்டரிலும் அப்புறம் கம்ப்யூட்டரிலும் வந்த ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதியவன். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போவதற்குள் கற்றாக வேண்டியிருந்த ஆங்கிலம்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம்.

ராஜபாளையம், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி:
சார், மாதிரி வினாத்தாளில் இந்த வாக்கியம் வந்தது. 'தி ஆஃபர் விச் த யூனியன், ஆஃப்டர் டூ டேஸ் ஆஃப் மீட்டிங்ஸ், ஹேட் டர்ன்ட் டவுன் வாஸ் டேக்கன் அப் அகெய்ன் வென் த டாக்ஸ் தட் ஹேட் புரோக்கன் டவுன் இன் மார்ச் ரிசூம்ட்.' தனித்தனியாக எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியும். மொத்தமாகப் படித்தால் ஒன்றும் நிற்கவில்லை. இதில் ரெண்டு 'டவுன்' வருகிறதே, ரெண்டும் கீழே தானா?

ரெண்டுமே கீழே இல்லையம்மா. ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். 'டர்ன்ட் டவுன்', 'டேக்கன் அப்', 'புரோக்கன் டவுன்' மூன்றையும் வட்டம் போடுங்கள். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டவுன், அப், ஆஃப், இன் போன்றவற்றை நான் வால் என்று சொல்வது வழக்கம். இலக்கணப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது. வால் என்று சொன்னால் ஒன்று நினைவில் நிற்கும்: வாலை மட்டும் பிடித்து மாட்டை அடையாளம் சொல்ல முடியாது.

இந்த வாக்கியம் உங்களைக் குழப்புவதற்குக் காரணம் வால் மட்டும் இல்லை. ஆங்கிலம் 'சலுகை' என்பதை முதலில் சொல்லிவிடுகிறது. அந்தச் சலுகையை என்ன செய்தார்கள் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறது. நடுவில் இரண்டு நாள் கூட்டத்தை வேறு செருகிவைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். 'தி ஆஃபர் விச் த யூனியன் ஹேட் டர்ன்ட் டவுன்.' பாதி பாரம் இறங்கிவிட்டதா?

இப்போது என் சோதனை. ராத்திரி ஷிப்டில் நானாகக் கண்டுபிடித்தது. தமிழில் இந்த மாதிரி இடத்தில் நாம் பெயரெச்சம் போடுவோம்: வந்த பையன், படித்த புத்தகம். அதே மாதிரி வட்டம் போட்ட வினையைப் பெயரெச்சமாக்கி, அது எந்தப் பெயரில் தொங்குகிறதோ அதற்கு முன்னால் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். 'சங்கம் கீழே திருப்பிய சலுகை.' சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கிறது அல்லவா? கல் கடித்தால் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் இங்கே செல்லாது என்று பொருள். அடுத்து, ஒரு சலுகையை மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று யோசியுங்கள். ஏற்பார்கள், மறுப்பார்கள், யோசிக்க நேரம் கேட்பார்கள். அவ்வளவுதான், பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. இதில் எது என்பதை வாக்கியத்தின் மற்ற பகுதி சொல்லும். பின்னால் 'அகெய்ன்' என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? மறுபடியும் கையில் எடுத்தார்கள் என்றால் நடுவில் கீழே வைத்திருக்க வேண்டும். ஆக, 'சங்கம் மறுத்த சலுகை'. கல் இல்லை.

'புரோக்கன் டவுன்' தொங்குவது 'டாக்ஸ்' என்பதில். 'மார்ச்சில் உடைந்து கீழே விழுந்த பேச்சுவார்த்தை' கல். 'மார்ச்சில் முறிந்த பேச்சுவார்த்தை' சரி. இந்த 'பிரேக் டவுன்' என்பதிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் தேர்வு வைப்பவர்களுக்கு இது செல்லப்பிள்ளை. கார் 'புரோக் டவுன்' என்றால் நடுரோட்டில் நின்றுபோனது. சாட்சிக் கூண்டில் ஒரு தாய் 'புரோக் டவுன்' என்றால் உடைந்து அழுதார். போலீஸ் கதவை 'புரோக் டவுன்' என்றால் இடித்துத் திறந்தார்கள். கணக்காளர் செலவை 'புரோக் டவுன்' என்றால் இனம் இனமாகப் பிரித்துக் காட்டினார். வினையும் அதேதான், வாலும் அதேதான். யார் செய்தார், எதைச் செய்தார் என்ற இரண்டு கேள்விக்கான பதில்தான் மாறுகிறது. கடைசி இரண்டில் 'எதை' என்று ஒன்று இருக்கிறது, முதல் இரண்டில் இல்லை. உங்கள் பேச்சுவார்த்தையிலும் இல்லை.

முழுதாகச் சொன்னால்: இரண்டு நாள் கூட்டம் போட்டுச் சங்கம் மறுத்துவிட்ட சலுகை, மார்ச்சில் முறிந்துபோன பேச்சுவார்த்தை திரும்பத் தொடங்கியபோது மறுபடியும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

சங்கரன்கோவில், ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்:
ஐயா, வெள்ளைக்காரன் ஏன் இப்படி ஒரு கோணல் வழக்கத்தை வைத்திருக்கிறான்? நல்லவேளை, நம் தமிழில் இந்தத் தொல்லை கிடையாது.

யார் சொன்னது? என் வீட்டு மாடியில் நான்கு வருடம் ஒரு வங்கி அதிகாரி குடியிருந்தார். பஞ்சாப்காரர், தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர். ஒரு நாள் படியிறங்கி வந்து கேட்டார்: "அவன் மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்துட்டான்னு பியூன் சொல்றார். என்ன போட்டான், என்ன கொடுத்தான்?" நான் சிரித்து முடிக்க நேரமானது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, போட்டுக்கொடு மூன்றிலும் இருப்பது ஒரே 'கொடு'. முதலாவது பாடம், இரண்டாவது பெருந்தன்மை, மூன்றாவது துரோகம். 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. 'கண்டுபிடி' என்பதில் எதைக் கண்டு எதைப் பிடிக்கிறோம்? 'வந்தான்' வேறு, 'வந்து தொலைந்தான்' வேறு என்பதை எந்த அகராதியும் பார்க்காமல் நாலு வயதுக் குழந்தை சொல்லும்.

நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டுகிறார்கள். தொல்லை ஒன்றுதான். அவர்களுக்கே இது தெரியும். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய கஷ்டம் கொடுப்பது இந்த வகைச் சொற்கள்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று 'செட் இன்'. தொடங்கி, விடாமல் தொடர்வது என்று பொருள் சொன்னார். இன்றைக்கும் ஜூன் 1 வாக்கில் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் அது வந்துவிடும்: 'மான்சூன் ஹேஸ் செட் இன் ஓவர் கேரளா'. ஒரு நாள் பெய்து ஓய்ந்த மழைக்கு இதைப் போட மாட்டார்கள். எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'பருவமழை கேரளாவுக்குள் அமைக்கப்பட்டது' என்று எழுதினார். நல்ல பையன், இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்.

சிவகாசி, கல்லூரி மாணவர்:
சார், 'அப்' என்று பார்த்தவுடனே அது வினையோட வாலா, அல்லது அடுத்து வரும் பெயரைச் சேர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் தம்பி, போதும். 'ஹி ரேன் அப் எ ஹில்', 'ஹி ரேன் அப் எ பில்'. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். முதலாமவன் மலைமேல் ஓடினான். இரண்டாமவன் எங்கும் ஓடவில்லை, கடையில் உட்கார்ந்தபடியே பாக்கியை ஏற்றிவிட்டான்.

இப்போது 'அப்' என்பதைப் பிடுங்கிக் கடைசியில் நடுங்கள். 'ரேன் எ பில் அப்' என்று சொல்லலாம். 'ரேன் எ ஹில் அப்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிடுங்கி நட்டாலும் பிழைக்கிறது என்றால் அது வினையின் வால். மலைக்குப் பதில் 'இட்' போட்டால் 'ரேன் அப் இட்', பாக்கிக்குப் பதில் போட்டால் 'ரேன் இட் அப்'. இட், ஹிம், தெம் போன்ற சின்னச் சொற்கள் வந்தால், இந்த வகை வினையில் அவை நடுவில்தான் உட்காரும். 'டர்ன் இட் டவுன்' சரி, 'டர்ன் டவுன் இட்' தப்பு.

எல்லா வாலும் இப்படிப் பிடுங்க வருமா என்றால் வராது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது, அதில் பொருள் மாறித்தான் இருக்கிறது; ஆனால் 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று பிரித்தால் அடிக்க வருவார்கள். ஆகவே பிடுங்க வந்தால் நிச்சயம் வால், பிடுங்க வராவிட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு பெயரெச்சச் சோதனைக்குப் போங்கள். பெரிய ஆங்கில அகராதிகள் சிலவற்றில் இந்த மாதிரி வினைக்கும் வாலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி போட்டிருப்பார்கள். பலர் அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். வால் நகரும் என்பதற்குத்தான் அந்த அம்பு.

தேனி, போட்டித் தேர்வு பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கும் வாசகர்:
'கால் ஆன்', 'கால் ஆஃப்', 'கால் ஃபார்', 'கால் அப்' மாணவர்களுக்கு இவற்றைக் குழப்பாமல் சொல்லித்தர ஒரு வழி சொல்லுங்கள்.

'கால் ஆன்' பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரவு 11 மணிக்கு மேல் டெலிபிரிண்டரில் ஒரு நாலு வரி வந்தது. வேறொரு மாநிலத்துச் செய்தி. 'லீடர்ஸ் ஆஃப் ஃபோர் பார்ட்டீஸ் கால்ட் ஆன் த கவர்னர் ஆன் மண்டே அண்ட் கால்ட் ஆன் ஹிம் டு சம்மன் தி அசெம்பிளி.' கால் என்றால் கூப்பிடுவது. இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், ரொம்ப வருந்திக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலும் என்று முடிவு கட்டி, நான் தலைப்பு வைத்தேன்: 'ஆளுநருக்கு நான்கு கட்சிகள் அழைப்பு'. அசெம்பிளி என்பதைக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டேன். கட்சிகள் நடத்தும் கூட்டத்துக்கு ஆளுநரை அழைத்ததாகச் செய்தி போய்விட்டது.

மறுநாள் காலை ஒரு வாசகர் போன் செய்து மிகவும் மரியாதையாகக் கேட்டாராம்: "என்ன விசேஷம், எந்த மண்டபம்?" நியூஸ் எடிட்டர் என்னைத் திட்டவில்லை. அந்தத் துண்டை வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். லீவு கேட்டு அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது பாடம். ஒருவரை 'கால் ஆன்' செய்து வாக்கியம் அங்கேயே இறங்கிவிட்டால், மரியாதை நிமித்தமோ வேலை நிமித்தமோ அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சந்தித்தார்கள். ஆளுக்குப் பின்னால் 'டு' போட்டு இன்னொரு வினை வந்தால், அதைச் செய்யும்படி வலியுறுத்தினார்கள். என் நாலு வரியில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன: திங்கட்கிழமை ஆளுநரைச் சந்தித்து, சட்டசபையைக் கூட்டும்படி வலியுறுத்தினார்கள். ஒரே வாக்கியத்தில் ஒரே ஜோடி இரண்டு தடவை வந்தால் ஒரே அர்த்தம்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதை உங்கள் மாணவர்களிடம் முதலில் சொல்லுங்கள். படிக்கும் கண் வாலோடு நின்றுவிடக் கூடாது, அதற்குப் பின்னால் 'டு' இருக்கிறதா என்று ஒரு எட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றவை சுலபம். போராட்டத்தை 'கால் ஆஃப்' செய்தால் வாபஸ். விசாரணையை 'கால் ஃபார்' செய்தால் கோரிக்கை. 'கால் அப்' என்றால் போன் செய்வது, அல்லது ராணுவத்துக்கும் விளையாட்டு அணிக்கும் ஆள் எடுப்பது.

திருநெல்வேலி, சட்டக் கல்லூரி மாணவி:
தீர்ப்புகளில் 'செட் அசைட்', 'ஸ்டிரைக் டவுன்', 'ரீட் டவுன்' என்று வருகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'ரத்து' என்றே போடுகின்றன. சரியா?

சரியில்லை. நானும் அந்தப் பாவத்தில் பங்காளி. இடம் குறைவு, நேரம் குறைவு, 'ரத்து' மூன்றே எழுத்து.

கீழ்க்கோர்ட் உத்தரவை மேல்கோர்ட் 'செட் அசைட்' செய்தால் அந்த உத்தரவு செல்லாது, அதற்கு ரத்து பொருந்தும். பட்ஜெட்டில் பணத்தை 'செட் அசைட்' செய்தால் நேர் எதிர், அந்தப் பணம் பத்திரமாக ஒதுக்கப்பட்டது. நம் 'ஒதுக்கு' என்பதும் இரண்டு பக்கமும் வெட்டும் கத்திதான்: நிதியை ஒதுக்கினால் நல்லது, ஆளை ஒதுக்கினால் கெட்டது.

'ஸ்டிரைக் டவுன்' என்பது சட்டத்தின் மேலேயே விழும் அடி. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை அப்படித்தான் செய்தது. பிரிவே போய்விட்டது. 'ரீட் டவுன்' வேறு. அங்கே சட்டப் பிரிவு ஏட்டில் இருக்கும், அது பாயும் எல்லையை மட்டும் நீதிமன்றம் சுருக்கிப் படிக்கும். 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகள், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு இந்த வகை. வயது வந்தவர்கள் மனம் ஒப்பித் தனிமையில் நடந்துகொள்வதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றார்கள். சம்மதமில்லாத செயல்களுக்கும் சிறுவர்களுக்கு எதிரான செயல்களுக்கும் அது தொடர்ந்து இருந்தது. அன்று பல இடங்களில் '377 ரத்து' என்று பார்த்தேன். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது. நானாக இருந்தால் 'சுருக்கிப் பொருள் கொண்டது' என்று எழுதியிருப்பேன். தலைப்பில் இடம் கொள்ளாது என்று யாராவது அடித்திருப்பார்கள்.

'ரீட் டவுன்' என்பதில் இன்னொரு பொறி: இறந்தகாலத்திலும் எழுத்து மாறாது, 'ரெட் டவுன்' என்று வாசிப்பு மட்டும் மாறும். நீளமான வாக்கியத்தில் காலத்தைக் கண்டுபிடிக்கப் பக்கத்து வினைகளைப் பாருங்கள்.

ஓசூர், ஒரு தகப்பனார்:
என் மகன் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு கம்பெனியில் இருந்தான். போன மாதம் வந்த மெயிலில் 'யுவர் ரோல் இஸ் அமங் தோஸ் பீயிங் லெய்ட் ஆஃப்' என்று இருந்தது. நான் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தவன். லே ஆஃப் என்றால் கொஞ்ச நாளில் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தைரியம் சொன்னேன். அவன் கோபப்படுகிறான். நான் சொன்னது தப்பா?

தப்பில்லை ஐயா. நீங்கள் சொன்னது மில்லில் சரி, மெயிலில் சரியில்லை. 1947-இல் வந்த தொழில் தகராறுகள் சட்டத்தில் 'லே ஆஃப்' என்பதற்கு விளக்கமே இருந்தது. நிலக்கரி இல்லை, கரண்ட் இல்லை, பஞ்சு இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, எந்திரம் பழுது என்ற மாதிரிக் காரணங்களால், பெயர் பதிவேட்டில் உள்ள தொழிலாளிக்கு முதலாளியால் வேலை தர முடியாத நிலை. பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். தகுதி உள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். மில் கேட்டில் நோட்டீஸ் பார்த்துவிட்டுத் திரும்பி, பஞ்சு வந்ததும் மறுபடி உள்ளே போனவர் நீங்கள். அந்த 'லே ஆஃப்' உங்கள் உடம்பில் ஊறியது. ஆளையே கணக்கு முடித்து அனுப்புவதற்கு அந்தச் சட்டம் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்று வேறு வார்த்தை வைத்திருந்தது, நாம் ஆட்குறைப்பு என்றோம்.

உங்கள் மகனுக்கு வந்தது அமெரிக்கப் பேச்சு. அங்கேயும் முன்பு தற்காலிகமாக நிறுத்துவதற்கு இந்தச் சொல் இருந்தது. இன்று கம்பெனிகள் எழுதும் மெயிலில் 'லெய்ட் ஆஃப்' என்றால் வேலை போய்விட்டது என்றே அர்த்தம். அந்த வாக்கியத்தின் அமைப்பையும் பாருங்கள். 'நாங்கள் உன்னை நீக்குகிறோம்' என்று இல்லை. 'நீக்கப்படுகிறவற்றில் உன் பொறுப்பும் ஒன்று' என்று இருக்கிறது. செய்தவர் யார் என்று வாக்கியத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது. 'யார், எதை' என்று கேட்கச் சொன்னேனே, இங்கே 'யார்' வேண்டுமென்றே ஒளிந்திருக்கிறார். மகனிடம் சண்டை வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையை இரண்டு ஊரிலிருந்து படித்திருக்கிறீர்கள். மெயிலில் 'செவரன்ஸ்' என்று, வேலையை முடித்து அனுப்பும்போது தரும் ஒரு தொகை சொல்லியிருப்பார்கள், அந்தப் பத்தியை இருவருமாக உட்கார்ந்து படியுங்கள்.

தஞ்சாவூர், ஒரு விவசாயி:
வங்கிகள் பெரிய முதலாளிகளின் கடனை 'ரைட் ஆஃப்' செய்தது என்று ஆங்கிலப் பேப்பரில் வந்தது. அதையே தமிழ்ப் பேப்பர் 'தள்ளுபடி' என்றது. எங்கள் பயிர்க் கடன் தள்ளுபடியும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. 'ரைட் ஆஃப்' என்றால் வராக்கடன் என்று முடிவு கட்டி, வங்கி தன் ஏட்டுக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுகிறது. வாங்கியவர் கடன்காரராகவே இருக்கிறார், வங்கி அவரைத் துரத்தலாம், வழக்குப் போடலாம். வசூலாகிறதா என்பது வேறு விஷயம், அதில் உங்கள் கோபம் நியாயமாகவே இருக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது 'வெய்வர்'. 2008-இல் மத்திய அரசு கொண்டுவந்த விவசாயக் கடன் திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அதில் கட்ட வேண்டிய கடமையே நீங்குகிறது. இரண்டுக்கும் நாம் 'தள்ளுபடி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். முதலாவதை 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று எழுதலாம். அழகாக இல்லைதான்.

நம் ஊர் ஆங்கிலப் பேப்பர்களும் தங்கள் பங்குக்கு 'வெய்வ் ஆஃப்' என்று ஒரு வாலை ஒட்டிவிடுகின்றன. 'வெய்வ்' தனியாகவே வேலையை முடித்துவிடும், வால் தேவையில்லை.

கும்பகோணம், எட்டாம் வகுப்பு மாணவன்:
அலாரம் அடிப்பதை ஏன் 'வென்ட் ஆஃப்' என்கிறார்கள்? ஆஃப் என்றால் நின்றுபோவதுதானே?

நல்ல கேள்விடா தம்பி. இந்த 'ஆஃப்' ஸ்விட்சில் இருக்கும் 'ஆஃப்' இல்லை. இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது சட்டென்று விடுபட்டுக் கிளம்புவது. பட்டாசு, துப்பாக்கி, குண்டு, அலாரம் எல்லாம் அப்படிக் கிளம்புகிறவை. லைட் 'வென்ட் ஆஃப்' என்றால் மட்டும் உன் ஸ்விட்ச் 'ஆஃப்', அணைந்துவிட்டது. இங்கிலாந்தில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் திரிந்துபோனது. காலையில் ஐந்து மணிக்கு அலாரமும் கரண்டும் சேர்ந்து 'வென்ட் ஆஃப்' ஆனால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

தர்மபுரி, ஆசிரியை:
'கோப் அப் வித்' என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். நான் அந்த 'அப்'பை அடித்தால், நாமக்கல்லில் ஒரு சார் அப்படித்தான் சொன்னார் என்கிறார்கள். 'பாஸ் அவுட்' என்பதும் தப்பா?

'கோப் வித்' போதும், அப் வேண்டாம். அடியுங்கள் டீச்சர், நான் உங்கள் பக்கம். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' இரண்டையும் கேட்ட காது அதே தாளத்தில் இதையும் இழுத்துக்கொண்டது.

'பாஸ் அவுட்' விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. லண்டனில் போய் 'நான் 2019-இல் பாஸ் அவுட் ஆனேன்' என்றால், மயங்கி விழுந்ததாக நினைத்து உடம்பு இப்போது எப்படி என்று விசாரிப்பார்கள். ஆனால் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அவர்களுடைய சொல்லும் அதுதான். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பது 'பாசிங் அவுட் பரேடு'. கல்லூரிக்கும் அதை நாம் நீட்டிக்கொண்டோம். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், பரீட்சைத் தாளில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதச் சொல்லுங்கள். நம் சர்க்கார் ஆபீஸில் 'ஃபைலைப் புட் அப் பண்ணு' என்பதையும் யாராலும் திருத்த முடியாது. அதைத் திருத்தும் ஃபைலையும் யாராவது புட் அப் பண்ண வேண்டும்.

விருத்தாசலம், ஒரு கணவர்:
என் மனைவி இந்த வயதில் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போது 'ஐ ஹேவ் புட் அப் வித் யூ ஃபார் ட்வென்டி எய்ட் இயர்ஸ்' என்றாள். புட் என்றால் வைப்பது, அப் என்றால் மேலே. என்னை 28 வருடமாக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே வினை, 'சகித்துக்கொள்' என்று அர்த்தம். ஆனால் வாக்கியத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. 'ஹேவ் புட்' என்று சொல்லியிருக்கிறார், அதாவது இன்றுவரை சகித்துக்கொண்டிருக்கிறார். அது 'ஹேட் புட்' என்று மாறினால் உடனே எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டாம்.